செவலை எங்கே பார்த்து நடக்கிறது?

போன சனிக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டோரம் இருந்தவர்கள்: பால்காரர் மருதமுத்து, துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கந்தையா, நான். அப்புறம், நெற்றியில் சைக்கிள் லைட் கட்டிய ஒரு பசு.

பெயர் செவலை. வீட்டு வாசலுக்கே நடந்து வந்து, நம் கண்ணெதிரே பால் கறக்க நிற்கும். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சி ஒரே மாதத்தில் இரண்டு முறை லோங்காங்கில் விழுந்துவிட்டது. இந்த ஊர்ச் சாக்கடையின் ஆழம் தெரியாதா உங்களுக்கு?

கண் போய்விட்டது, கால் முறிவதற்குள் கறிக்கடைக்குக் கொடுத்துவிடு என்று மருதமுத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஆள் வருகிறான். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்... யார் கவலையாக இருந்தாலும் என்னிடம் ஒட்டிக்கொள்ளும்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டு நடக்குது" என்றார் மருதமுத்து.

எங்கே பார்க்கிறது என்று அளந்துவிட்டால் போச்சு என்றார் கந்தையா. லைட் அவர் யோசனை. வெளிச்சம் விழுந்த இடத்திலெல்லாம் நான் குனிந்து ஓடிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். அவர் டேப் பிடித்தார். ஒன்பது அடி! பார்வை பிரமாதம் என்று தீர்ப்பும் சொன்னார். மருதமுத்துவுக்கு உயிர் வந்தது.

நான் மட்டும் செவலையின் முகத்தைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்... கேட்கலாமா?

"கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கு. லைட்டு நெத்தியில இருக்கே சார்?"

கந்தையா பசுவைச் சுற்றி வந்தார். "இவ்வளவு நேரமும் நெத்தியைத்தான் அளந்திருக்கிறம், பாருங்கோ" என்றார் சாந்தமாக.

பிறகு அவரே காய்கறிக் கடைக்குப் போய் முட்டைக்கோஸ் இலை வாங்கி வந்தார். பாதையின் இரண்டு பக்கமும் வைத்தோம். வலப்பக்கத்து இலையைச் செவலை தூரத்திலேயே கண்டு, விலகிப் போய்த் தின்றது. இடப்பக்கத்து இலையை மிதித்துக்கொண்டு போனது. மறுபடி வைத்தோம். மறுபடி மிதி!

ஆக, இடது கண்தான் சரியில்லை. லோங்காங் எந்தப் பக்கம்? இடது. டிராலி பஸ் இடித்துவிடுமே என்று மருதமுத்து கயிற்றைப் பிடித்து நடப்பது? வலது!

நாம் மட்டும் என்ன? பயந்த பக்கமே காவல் நிற்கிறோம் — விழுவது அடுத்த பக்கம்.

திங்கட்கிழமை வந்த ஆளைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் மருதமுத்து. இப்போது இடப்பக்கம் நடக்கிறார். செவலை விழவே இல்லை.

நேற்றுக் காலை லோங்காங்கில் விழுந்தது மருதமுத்து. செவலை நின்று, கழுத்தை வளைத்து, நல்ல கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம்.