முறைத்துப் பார்த்தால் பதினைந்து யார் தண்டம்

இன்று பியர்பொன்ட்ஸில் மச்சான் வீட்டில் அமெரிக்கப் புட்போல் பார்த்தோம். மச்சான் என் மனைவியின் தம்பி. எவருடைய அணி தோற்கிறதோ அவர் வாசல் பனியை வழிக்க வேண்டும் என்பது பந்தயம்.

கடைசிவரை என் அணிதான் முன்னால் நின்றது. எங்கள் ஆள் எதிராளியை விழுத்திவிட்டு, மேலே நின்று ஒரு முறை முறைத்தான். உடனே நடுவர் குற்றம் என்று மஞ்சள் துணியை எறிந்தார். நக்கலாம், பந்தைப் பதினைந்து யார் தூரம், அதாவது பதினைந்து கெஜம், எங்கள் பக்கம் தள்ளி வைக்கும் தண்டமாம். அந்தத் தயவில் மச்சானின் அணி வென்றது.

"பார்த்ததும் குற்றமோ? பெடியன் வாயே திறக்கேல்லை!" என்று கத்தினேன்.

"நக்கல் எண்டால் தண்டம்தான், அத்தான். பனி வழிக்கிற சவள் கராஜுக்குள்ள கிடக்கு."

பாதிப் பனியை வழித்து நிமிர்ந்தால், ஜன்னலில் மச்சான். தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்திக் காட்டி, கண்ணும் அடித்தான்.

அவனுக்குப் பின்னால் வந்த என் மனைவி கண்டுவிட்டாள். ஜன்னலைத் தாண்டியும் குரல் கேட்டது.

"டேய், இது நக்கல்தானே? சப்பாத்தைப் போடு. மிச்சப் பனி உனக்கு."

"அக்கா, நான் சும்மா பார்த்தனான்!"

"நடுவரோட வாய் காட்டாதை!"

இப்போது ஜன்னலடியில் தேத்தண்ணியோடு நிற்பது நான். ஆனால் வெளியே பார்க்கவில்லை. சிரித்துவிட்டால் எனக்கும் தண்டம் விழும்.

உங்கள் வீட்டில் மஞ்சள் துணி யார் கையில்?