தையல் மெஷின் வேண்டாம்

பச்சையம்மாவின் ஊரில் ஏற்கெனவே ஏழு தையல் மெஷின்கள் இருந்தன. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற சின்ன ஊர் அது. மலைப் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கீழே யாருக்கு மனசு இளகினாலும், உடனே ஒரு தையல் மெஷினை மேலே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெண் என்றால் தைக்கத்தான் வேண்டும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ! அந்த ஏழில் ஒன்றின் மேல் டிவி உட்கார்ந்திருந்தது. இன்னொன்றின் அடியில் கோழி அடைகாத்தது. சந்தையில் ரெடிமேட் நைட்டி தொங்குகிற காலத்தில் துணியைக் கொண்டுவந்து தைக்கக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அதனால், எட்டாவது மெஷின் தன் பெயருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது பச்சையம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

அவள் மலையிலேயே பிறந்து, அங்கேயிருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். ஒன்பதாவதுக்குக் கீழே இறங்க வேண்டும் என்றதும் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். கல்யாணமானது. புருஷன் சடையன் வருஷத்தில் பாதி நாள் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். கொல்லையில் விளைகிற சாமை வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். கையில் காசு பார்ப்பதென்றால் புளிதான். உலுக்கி, பொறுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து மூட்டை கட்டுவது வரை எல்லாம் பெண்கள் வேலை. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் தங்கவேல்.

தங்கவேல் கீழே இருந்து வருகிற புளி வியாபாரி. ஊருக்குள் வருகிற ஒரே லோடு வண்டி அவருடையது. தராசும் அவருடையது, விலை சொல்கிற வாயும் அவருடையது. யாராவது முணுமுணுத்தால், “அப்போ நீயே தலையில தூக்கிக்கினு திருப்பத்தூர் போய் வித்துக்கோ” என்பார். பஸ்ஸில் மூட்டை ஏற்ற விடமாட்டார்கள். ஒரு மழை பிடித்தால் புளி கறுத்துப்போகும். எனவே அவர் சொன்னதுதான் விலை.

அந்த விலையில்தான் ரம்யாவின் படிப்பு நின்றது. பச்சையம்மாவின் ஒரே மகள், பிளஸ் டூ பாஸ். திருப்பத்தூரில் காலேஜில் சேர வேண்டியவள் ஒரு வருஷமாக வீட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். “இந்த வருஷமும் முடியலன்னா மாப்ள பாத்துடலாம்” என்று சடையன் போனில் சொல்லிவிட்டான். பச்சையம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. தான் எட்டாவதில் இறங்காத மலையை மகளாவது இறங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஆசை.

தை மாதம் பள்ளிக்கூட ஹாலில் விழா. வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பம் ஒன்று நடத்துகிற அறக்கட்டளைதான் மெஷின் கொடுக்கிறது. தலைவி சகிலா அம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைக் அவருடைய அண்ணன் மகன் உமர் ஃபாரூக் கையில். யாருக்கு உதவி வேண்டும் என்று ஊரில் விசாரித்துச் சொன்ன பெரிய மனிதர் என்ற முறையில், வெள்ளை வேட்டியில் மேடையேறி இருந்தது வேறு யாருமில்லை, தங்கவேல்தான். ஆட்டுக்கு எது நல்லது என்று கசாப்புக்காரரைக் கேட்டிருக்கிறார்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் பச்சையம்மா மேடையேறினாள். மெஷினைத் தொடவில்லை.

“எனக்கு இது வேணாங்க.”

உமர் ஃபாரூக் கூச்சம் என்று நினைத்தார். “கூச்சப்படாதீங்கம்மா, எல்லாம் ஃப்ரீதான்.”

“ஃப்ரீன்னாலும் வேணாதது வேணாதது தானேங்க? எங்க ஊர்ல ஏழு கீது. ஒண்ணுல கோழி குஞ்சு பொரிச்சுட்டுது.”

ஹாலே சிரித்தது. உமர் ஃபாரூக்கும் சிரித்துவிட்டு, “அப்போ உங்களுக்கு இன்னாதான் வேணும்?” என்றார்.

“லோடு வண்டி.”

சிரிப்பு சட்டென்று அடங்கியது. தங்கவேல் மட்டும் சிரித்தார். “மேடம், இதுங்களுக்கு பஸ்ல ஏறுனாலே வாந்தி வரும். இந்த வளைவுல வண்டி ஓட்டுதாம்!”

“வாந்தி எடுத்தா கழுவிக்குவேண்ணா. உங்க தராசைப் பாத்தா வயிறு எரியுதே, அதுக்கு இன்னா பண்றது?”

முதல் வரிசையில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இவள் வாயால் எல்லோருக்கும் வரவேண்டியதும் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

சகிலா அம்மா மைக்கை வாங்கினார். “உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?”

“தெரியாதுங்க. தைக்கக்கூடத்தான் தெரியாது. அதுக்கு மெஷின் குடுக்கறீங்களே?”

சகிலா அம்மா மேடையில் நின்ற மெஷினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். “எங்க வூட்ல நாலு கார் நிக்குது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பின்சீட்டுலதான் உக்காந்துக்கினு வர்றேன். நீ போய் லைசென்ஸ் வாங்கிக்கினு வா, அப்புறம் பேசலாம்.”

“அத்தை, கமிட்டில கேக்காம...” என்று உமர் ஃபாரூக் இழுத்தார்.

“கமிட்டியை நான் பாத்துக்கறேன்.”

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. வீடு தேடி வந்த லட்சுமியை எட்டி உதைத்தவள் என்று கன்னியம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். சடையன் குடகிலிருந்து போனில் கத்தினான். “ஊரே சிரிக்குது!”

“சிரிக்கட்டும், பல்லாவது வெளுக்கட்டும்” என்று போனை வைத்தாள்.

கம்மலை அடகு வைத்தாள். விடியற்காலை பஸ்ஸில் மலையிறங்கி, திருப்பத்தூர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் நாள் வண்டி தவளை மாதிரி குதித்தது. கற்றுக்கொடுத்தவர், “மலையில ஓட்டணும்னா முன்னால போறது பெருசில்லம்மா, பின்னால வரத் தெரியணும்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ரிவர்ஸ் என்றாலே நடுங்குவார்கள். இவள் கேட்டுக் கேட்டு ரிவர்ஸ் போட்டாள். பங்குனியில் லைசென்ஸோடு வாணியம்பாடி போய் நின்றாள். சகிலா அம்மா சொன்ன சொல் தவறவில்லை. பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றை ஊர்ப் பெண்கள் குழுவின் பேரில் வாங்கிக் கொடுத்தார். வெறும் வண்டியோடு மலையை ஏறி இறங்கிப் பழகவே பச்சையம்மாவுக்குச் சித்திரை பிறந்துவிட்டது.

வண்டி வந்தும் மூட்டை வரவில்லை. தங்கவேலைப் பகைத்துக்கொண்டு, நாளைக்கு இவள் வண்டி படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எல்லோரும் தயங்கினார்கள். பச்சையம்மா வீடு வீடாக ஏறினாள்.

“வண்டி பள்ளத்துல வுழுந்துச்சுன்னா?” என்றாள் கன்னியம்மாள்.

“வுழுந்தா முதல்ல நான்தான் வுழுவேன். உன் புளி என் மேலதான் வுழும். அப்புறம் இன்னா பயம்?”

கன்னியம்மாள் யோசித்தாள். “என் மூட்டையோட நானும் வர்றேன். உன்னை நம்பி அனுப்ப மாட்டேன்.”

அவள் மூட்டை ஏறியதும் மற்ற மூட்டைகளும் ஏறின. ஒரு வீடு மிச்சமில்லை.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. முன்னால் மூன்று பேர். நடுவில் ரம்யா, மடியில் சர்டிபிகேட் பை. அன்றைக்கே காலேஜில் விண்ணப்பம் வாங்கிவிடுவதாகப் பேச்சு. ஓரத்தில் கன்னியம்மாள், கண்ணை மூடிக்கொண்டு மலையில் இருக்கிற சாமி ஒன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாதி மலையில், குறுகலான கொண்டை ஊசி வளைவில், கீழேயிருந்து ஒரு வண்டி வந்து மூக்குக்கு மூக்கு நின்றது. தங்கவேல். ஓரம் கட்ட அவருக்குப் பின்னால் இடம் இருந்தது. அவர் கட்டவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏறுற வண்டிக்குத்தான் வழி. ரூல் தெரியுமில்ல? பின்னால எடு பாக்கலாம்.”

ரம்யா அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். முழு லோடு, மேட்டில் பின்பக்கமாக, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பச்சையம்மாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டாள். வண்டி முனகியது, ஒரு முறை நின்றது. மறுபடி எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, பாறையை ஒட்டி, வளைவைச் சுற்றி மேலே கொண்டுபோய் அகலமான இடத்தில் நிறுத்தினாள். கன்னியம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

தங்கவேல் மெதுவாக ஏறி வந்து, பக்கத்தில் வந்ததும் வண்டியை நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

“போங்கண்ணா, உங்களுக்குத்தான் வழி” என்றாள் பச்சையம்மா. “ஆனா மேல ஒண்ணும் இல்ல. மூட்டை எல்லாம் இங்க கீது.”

பிரேக்கை விட்டு வண்டியைக் கீழே இறக்கினாள்.