காயவிட்ட ஒன்றேகால் ஏக்கர்

குமராட்சி ஊர் செசிலியாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் நெல்வயல். நெல்லில் ஓயாமல் தண்ணீர் நின்றால் பூமியைச் சூடாக்கும் வாயு எழுமாம். இடையிடையே காயவிட்டால் வெளிநாட்டுக் கம்பெனி பணம் தரும் என்று 2010இல் ஒரு தொண்டு நிறுவனம் சொன்னது. செசிலியா சேர்ந்தார். வயல் காய்ந்த ஆறு நாளும் இருப்புக்கொள்ளாமல் தினம் மூன்று முறை வரப்புக்கு ஓடினார்.

ஏழாம் நாள் பத்து மணிக்கு, வயல் காய்ந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் சோதனை. ஒன்பது மணிக்கு வயலெங்கும் தண்ணீர். பக்கத்து வயல் சிங்காரம் மண்வெட்டியோடு நின்றார்.

"வெடிச்சுக் கெடந்துச்சேன்னு நான்தான் மடைய தொறந்துவுட்டேன், தங்கச்சி."

"அய்யோ அண்ணே, காஞ்சாத்தான் காசு!"

"காயப்போட்டா காசா? எந்த ஊரு கூத்து இது?"

அதற்குள் சோதனைக்காரர் வந்துவிட்டார். "தண்ணி வச்சது யாரு?"

சிங்காரம் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நான்தான் சார்," என்றார் செசிலியா. "பயிர பாத்து மனசு கேக்கல."

அந்தப் போகத்துக்குப் பணம் இல்லை என்று எழுதிக்கொண்டு சோதனைக்காரர் போனார். செசிலியா சிங்காரத்தின் மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"அடுத்த போகத்துக்கு நீங்கதான் காவலு."