வாசலுக்கு எதிரே ரொட்டிக்கடை

இஸ்தான்புல்லில் ரொட்டி விலை ஏறினால் சுல்தான் தன் முதல் மந்திரியான பெரிய வசீரை மாற்றுவார். புது வசீர் வந்த கையோடு ஒரு ரொட்டிக்காரனை அடிப்பார். ஊர் சமாதானமாகிவிடும். அந்த ரொட்டிக்காரன் எப்போதும் என் கணவர் அவெதிஸ்தான். வசீர் மாளிகை வாசலுக்கு நேர் எதிரே எங்கள் கடை. நகரம் முழுக்க அடுப்பு எரிகிறது. ஆனால் கண்டிப்பைக் காட்டக் கிளம்பும் பெரிய மனிதர்களுக்குத் தெருமுனை வரை நடந்தால் கால் வலிக்குமாம்!

எகின் மலையிலிருந்து மாவு பிசைய வந்து, சொந்த அடுப்பு மூட்டியவர் அவெதிஸ். குன்றிமணி எடை குறைத்ததில்லை. ரொட்டி காயக் காய எடை குறையும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வசீரோடு வரும் தராசுக்காரன் பழைய ரொட்டியாகத் தேடி எடுத்து வைப்பான். “குறையுது, பாஷா!” உடனே உள்ளங்காலில் பிரம்படி. போதாக்குறைக்குச் சுட்ட ரொட்டியையும் அள்ளிப் போவார்கள். தள்ளிய குதிரை குழியும் பறித்த கதை. மாடி ஜன்னலில் நின்று வயிறெரிவேன்.

“அக்கரையில உஸ்குதார் பக்கம் போயிடலாங்க,” என்பேன்.

“அடுப்பை இடம் மாத்த வசீர் முத்திரை வேணுமேடி. அடிச்சவர்கிட்டயே போய் நிக்கணும்.”

சுல்தான் கொடுத்த அந்த முத்திரை, வசீரின் மார்பில் பைக்குள் தொங்கும். அது பதியாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது.

முனீப் பாஷா மூன்று முறை வசீரானார். முதல் முறை அடித்தார். விலை இறங்கவில்லை, பதவி போயிற்று. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி அடித்தார். அவெதிஸ் நொண்டிக்கொண்டே போய் அனுமதி கேட்டதற்கு, “போர் முடியட்டும், பார்க்கலாம்,” என்றார். போரில் தோற்றார், அதோடு சரி. மூன்றாம் முறை அடித்த பிறகு அவருக்கே மனசு உறுத்தியதோ என்னவோ, மேஸ்திரியை அழைப்பதுபோல் மரியாதையாக, “வெள்ளிக்கிழமை வா, உஸ்தா, பதிச்சுத் தர்றேன்,” என்றார். நான் மாவுத் தொட்டிகளைக்கூடக் கட்டிவைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு காவலர்களுக்கு நடுவில் பாஷா படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தார். லிம்னி தீவுக்கு நாடு கடத்தல். அவெதிஸ் ஓடிப்போய் வழிமறித்தார்.

“பாஷா, இன்னிக்கு வரச் சொன்னீங்களே!”

பாஷா அங்கியை விலக்கி வெறும் மார்பைக் காட்டினார். “இப்பத்தான் வாங்கிட்டுப் போனாங்க.”

“நேத்தே பதிச்சிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?” மாடியிலிருந்தே கத்திவிட்டேன். காவலர்கள் நிமிர்ந்து முறைத்தார்கள். முறைக்கட்டும்!

பாஷாவுக்குக் கோபம் வரவில்லை. தலை தப்பிய மனிதர்; சிரிக்கக்கூடச் செய்தார்.

“இந்தத் தெருவை விட்டு உயிரோட போகணும்னு நானும்தான் தவிச்சேன், உஸ்தா. எனக்கு உத்தரவு கிடைச்சிடுச்சு. உனக்குத்தான் கிடைக்கல.”

படகு போய்விட்டது. கட்டிய தொட்டிகளை அவிழ்க்க அவெதிஸுக்குக் கை வரவில்லை, நான்தான் அவிழ்த்தேன். எதிர் மாளிகையில் புது வசீருக்குக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள்.