மைரோனுக்குக் கிடைத்த நடு இடம்

மைரோன் ஹுசுலக் மாதிரி ஆட்கள் கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் ஊருக்கு ஒருத்தன் உண்டு. ஆனால் இவ்வளவு முழுசாக வேறெங்கும் கிடைக்க மாட்டான். தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிற வேலை. பேச்சோ மாகாணத்தையே ஆள்கிற பேச்சு. காட்டு வாத்து வேட்டை என்று யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது, எதிரே இருக்கிறவன் காபி ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிடும்.

சரி, வேட்டையாவது தெரியுமா என்றால், அந்தக் கண்றாவியை எங்கே போய்ச் சொல்ல. அறுத்த பார்லி வயலில் தரையோடு தரையாக ஆள் நீளத் துணிக்கூடு ஒன்றை விரித்து, அதற்குள் மல்லாந்து படுத்து, மேலே இரண்டு துணிக்கதவையும் மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். சுற்றிலும் பொம்மை வாத்துகள். புதுக் கூடு பளபளக்கும் என்பதால் சேறு பூசிக் காயவைத்து, அந்த வயல் தாளையே பிடுங்கி மேலெல்லாம் செருக வேண்டும். இவன் செய்வானா? "காசு குடுத்து வாங்கினதுல எவனாவது சேத்தை அப்புவானா?" என்பான். வாத்துகள் மேலே வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகும். பக்கத்தில் படுத்தவன் தும்மினான் என்று பழி போடுவான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. சுடலாம் என்று ஒருவர் குரல் கொடுப்பார்; அது கேட்டதும் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, தன் கால்மாட்டுக்கு நேரே இருக்கிற வானத்தில் மட்டும்தான் சுடலாம். பக்கத்துக் கூட்டின் மேல் துப்பாக்கி திரும்பவே கூடாது. மைரோனுக்குப் பறவையைக் கண்டால் அது எங்கே போகிறதோ துப்பாக்கியும் அங்கே போகும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு உட்கார்ந்தபடி திரும்ப வருவது இடப்பக்கம்தான். ஆகவே வருஷா வருஷம் அவனை வரிசையின் இடது ஓரத்தில் போட்டார்கள். அந்தப் பக்கம் வெறும் வயல். இடது ஓரத்தில் எவனைப் படுக்க வைப்பார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மைரோன் மட்டும் அதைத் தளபதி இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் தளபதிக்குப் பதவி உயர்வு கேட்கத் தோன்றிவிட்டது. மனைவியின் அக்கா ஓல்காவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வயல் ஓல்காவுடையது, வேட்டையில் குரல் கொடுக்கிறவளும் அவள்தான்.

"மதினி, வருஷா வருஷம் ஓரத்துல கெடந்து சாகுறேன். வாத்தெல்லாம் நடுவுலதான் எறங்குது. இந்தத் தடவ நடுவுலதான் படுப்பேன். இல்லேன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

"இதுவரைக்கும் யாரு கூப்பிட்டா?" என்றாள் ஓல்கா, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை அவன் தட்டில் வைத்தபடி. "நீயாத்தான வந்து நிக்கிற."

ஓல்காவின் தம்பி தாரஸ் சிரித்தான். "படுக்கட்டும் விடுக்கா. மச்சானுக்கு எடப்பக்கம் நான் படுத்துக்கிறேன்."

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"படுத்துக்கிறேன்னு சொல்றேன்ல."

மைரோனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடைசியில் ஒருத்தனுக்காவது தன் அருமை தெரிந்ததே என்று நினைத்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவி தார்க்காவிடம், "ஒன் தம்பி தங்கமானவன்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

உறைபனி விழுந்த விடியற்காலை இருட்டில் போய்ப் படுத்தார்கள். மைரோனுக்கு வலப்பக்கம் ஓல்கா. இடப்பக்கம் வரிசையின் கடைசிக் கூடு, அதனருகே தாரஸின் குரல் கேட்டது.

"மச்சான், துப்பாக்கிப் பூட்டுப் போட்டிருக்கா? மொனை கால்பக்கமா வெளிய இருக்கட்டும். ஒன் வானம் ஒன் காலுக்கு நேரா மட்டுந்தான்."

"எனக்கேவா? போய்ப் படு."

கதவு மூடுகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்தது, வாத்துகளும் வந்தன. கூட்டம் தாழ்ந்து இறங்கியபோது ஓல்கா, "இப்ப" என்றாள். மைரோன் எழுந்தான். பெரிய வாத்து ஒன்று தரையை ஒட்டி இடப்பக்கம் நழுவிப் போனது. துப்பாக்கியும் கூடவே போனது. சுட்டான்.

வாத்து போய்விட்டது. இடப்பக்கக் கூட்டின் கதவு கிழிந்து, தாள் சிதறிக் கிடந்தது. உள்ளேயிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.

துப்பாக்கியைக் கீழே போட்டான். பொம்மைகளைத் தள்ளிக்கொண்டு முழங்காலில் தவழ்ந்தான். "தாரஸ், டேய் தாரஸ்." தார்க்காவிடம் போய் என்ன சொல்வேன், என்ன வாயோடு சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டைக்குள் ஓடவில்லை. கதவைப் பிடித்து இழுத்தான்.

உள்ளே பார்லித் தாள் அடைத்திருந்தது. துப்பாக்கி ரவை அதைத் துளைத்துப் போயிருந்தது.

"நான் இங்க இருக்கேன் மச்சான்." வரிசையின் வலது ஓரத்துக் கூட்டிலிருந்து தாரஸ் எழுந்து வந்தான். இருட்டில் கதவை மூடிவிட்டு ஓசைப்படாமல் அங்கே போய்ப் படுத்திருக்கிறான். மைரோனின் துப்பாக்கியை எடுத்து, மிச்சத் தோட்டாக்களைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மைரோன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. அவனுக்கு வேறென்ன வரும்?

"நான் சுட்டுடுவேன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றான் தாரஸ்.

"பின்ன ஏன் ஒருத்தரும் சொல்லல?"

ஓல்கா தன் கூட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வருஷா வருஷம் ஒன்ன எங்க படுக்க வெச்சோம் தம்பி?"