கண்ணாடியோரம் மாட்டிய கடிதம்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சலூன் வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் அமைவது அபூர்வம். கத்திரிக்கோலும் வாயும் சேர்ந்தே ஓட வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இவருக்குக் கத்திரிக்கோல் மட்டும் ஓடும். கழுத்தில் துணியைக் கட்டி, கன்னத்தில் நுரை பூசிவிட்டால் ஆண்பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மருந்துக்கடைக்காரரின் தலையில் இருப்பது டோப்பா என்பதிலிருந்து, மாடிவீட்டு வாத்தியாரின் மனைவி ஏன் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள் என்பதுவரை மாமாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. நான் அவருக்குச் சொந்த மச்சான், பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷினை வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறவன். எத்தனையோ தடவை வாயைக் கிண்டிப் பார்த்திருக்கிறேன்.

"அவரு என்ன மாமா அவ்வளவு நேரம் சொல்லிட்டுப் போறாரு?"

"முடி கொட்டுதாம்."

யாரைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். அவரை நம்பினால் எங்கள் தெருவில் முடி கொட்டுவதைத் தவிர யாருக்கும் எந்தக் கவலையும் கிடையாது.

அவர் வாய் திறந்து அளக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். போகிறவன் பின்கழுத்தைப் பார்த்தே அது யார் கை என்று சொல்லிவிடுவார். "இது பஸ் ஸ்டாண்டுக் கடை. காதுக்குப் பின்னாடி படிக்கட்டு விட்டிருக்கான் பாரு" என்பார். அவருடைய மகன் தலையில் மட்டும் வேறு கை பட்டதே கிடையாது. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மீசை முறுக்குகிற வயதாகியும் அப்பாவிடம்தான் வெட்டிக்கொள்வான். அந்தத் தலையை மாமா தன் கடையின் போர்டு மாதிரி தெருவில் நடமாட விட்டிருந்தார்.

நாளெல்லாம் நின்றே வேலை பார்த்ததில் அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். துணைக்கு நான் போனேன். வார்டில் படுத்த கையோடு ஒரு நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"எல்லாருக்கும் எடுக்கறதுதான். கையை நீட்டுங்க."

மாமா நீட்டினார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் போர்வையை முகம்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். போர்வை நழுவியபோது பார்த்தால் எங்கள் தெரு இரும்புக்கடைக்காரர். சரக்கு வாங்க வெளியூர் போயிருப்பதாகக் கடையில் சொல்லிவிட்டு, மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"தெருவுல யாருக்கும் தெரிய வேணாம் பூட்டு."

"எனக்கே தெரியாதுங்க" என்றார் மாமா.

அந்த நிம்மதியில் மனுஷர் உரிமை எடுத்துக்கொண்டார். தாடி அரிக்கிறது, கொஞ்சம் வழித்துவிடேன் என்றார். நான் போய் சோப்பும் ரேசரும் பிளேடும் வாங்கி வந்தேன். மாமாவுக்கு நிமிர்ந்தால் வலி, குனிந்தால் வலி. இருந்தும் கடையில் செய்கிற மாதிரியே அவர் கண்ணெதிரே உறையைப் பிரித்துப் புது பிளேடு மாட்டி, ஒரு கீறல் விழாமல் வழித்துவிட்டார். இரும்புக்கடைக்காரர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒரு வார்டுபாய் வந்து மாமாவின் கட்டில் கம்பியில் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் போனான். வேறு எந்தக் கட்டிலிலும் அது இல்லை. பிறகு வந்த நர்ஸ் இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு மாத்திரையைத் தூரத்திலிருந்து நீட்டினாள். என்ன அட்டை என்று கேட்டேன். டாக்டர் சொல்வார் என்றாள்.

டாக்டர் சொன்னார். நன்றாகவே சொன்னார். பெரிய டாக்டர், குரலும் பெரிது. பின்னால் ஒரு மந்தை மாணவர்கள். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும் அந்த நேரத்தில் கட்டிலுக்குக் கட்டில் நின்றிருந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து மாமாவின் சட்டையைத் தூக்கி ஈரலை அமுக்கிப் பார்த்தார்கள். பார்க்கலாமா என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. சந்தையில் தக்காளியை அமுக்குவதற்குக்கூடக் கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்ப்போம்.

"பேஷன்ட் என்ன தொழில்?" என்று டாக்டர் ஒரு மாணவியைக் கேட்டார். அவள் விழித்தாள். "அதைத்தாம்மா முதல்ல கேக்கணும்." மாமா பக்கம் திரும்பினார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"சொந்தமா சலூன் வெச்சிருக்கேன் சார்." அதைச் சொல்லும்போது மாமாவுக்கு எப்போதும் ஒரு மிடுக்கு வரும். படுத்திருந்தபோதும் வந்தது.

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. பாடம் நடத்த இதைவிட நல்ல ஆள் கிடைப்பாரா? "பாத்தீங்களா? ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தாக்குற கிருமி. ரத்தத்துல பரவும். கையில கத்தி பிடிக்கிற தொழில். நாள் பூரா எத்தனை கழுத்து, எத்தனை கன்னம்னு யோசிங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மாமா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கு சார்?"

டாக்டர் கொஞ்சம் திகைத்தார். "உங்களுக்குத்தான். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

நர்ஸ் சிவப்பு அட்டையைப் பார்த்தாள். அட்டை தொங்குகிறதே, அது சொல்லியிருக்குமே என்கிற மாதிரி. நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இரும்புக்கடைக்காரரின் கை கன்னத்துக்குப் போனது.

அதன்பிறகு அந்த மனிதர் போட்ட கூச்சலில் வார்டே கூடிவிட்டது. தனக்கு உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும், கட்டிலை மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார்கள். மாமாவின் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, எல்லோருக்கும் முடிந்தபிறகு கடைசி ஆளாகச் செய்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதே டாக்டர் மாமாவையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அங்கே அவருக்கு வேறு குரல் இருந்தது.

"பயப்படாதீங்க. உங்க ஈரல் நல்லா இருக்கு. அப்பப்ப வந்து டெஸ்ட் பண்ணிக்கணும், அவ்வளவுதான். உங்க ரத்தம் இன்னொருத்தர் ரத்தத்துல கலந்தாத்தான் தொத்தும். ஆளுக்கொரு புது பிளேடு போடறீங்க இல்ல? கையில காயம் இருந்தா மூடிக்குங்க. தாராளமா தொழில் பண்ணலாம்."

"எனக்கு எப்படி சார் வந்துச்சு?"

"சொல்ல முடியாது. பிறந்தப்பவே வந்திருக்கலாம். எப்பவோ உங்க கை கிழிஞ்சிருக்கும், யாரோ கஸ்டமர் ரத்தம் பட்டிருக்கும்."

கெட்டதைக் கூடத்தில் கத்தியவர் நல்லதைக் காதோடு சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதையும் அங்கே வந்து சொல்லுங்கள் சார் என்றேன். மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்றார்.

நாங்கள் தெருவுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. இரும்புக்கடைக்காரர் கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் அந்த வார்டில் எதற்குப் படுத்திருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நாக்கு நமநமத்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவரு சமாச்சாரம் மச்சான். நாம பேசக் கூடாது."

இப்போது எழுதிவிட்டேன். நான் என்ன பூட்டா?

முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாடி வளர்த்தார்கள். மருந்துக்கடைக்காரர், வாத்தியார், எதிர்வீட்டுப் பெரியவர் என்று தெருவே திடீரெனத் தாடிக்கு மாறியது. கேட்டால் சும்மாதான் என்றார்கள். கொஞ்ச நாளில் தாடிகள் காணாமல் போயின. மாமா கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற பின்கழுத்துகளைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுக் கடை" என்பார். "இதுவும் பஸ் ஸ்டாண்டுக் கடை." நான் மட்டும் தினமும் போய் நாற்காலியில் உட்காருவேன். தலையில் எனக்கு வெட்ட ஒன்றுமில்லை. வழித்த கன்னத்தையே மறுபடி வழித்துக்கொண்டு வருவேன். வீட்டில் அக்காவுக்கும் மகனுக்கும் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று வந்தது. தடுப்பூசியும் போட்டார்கள். அப்படியும் அக்கா அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். அதெல்லாம் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். தெரியும்டா என்றாள். தட்டு மட்டும் தனியாகவே இருந்தது.

தொழில் செய்யலாம் என்று டாக்டர் சொன்னாரே, அதை எழுதி வாங்கிக் கடையில் மாட்டலாம் என்று யோசனை சொன்னவன் மகன்தான். நானும் மாமாவும் ஆஸ்பத்திரி ரெகார்டு செக்‌ஷனுக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையை ஆட்டினார்.

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதுங்க. நோயாளி விவரம் ரகசியம். வெளியே போகக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாதான் சமாதானம் செய்தார்.

"நான்தாங்க அந்த நோயாளி."

"அப்போ உங்க விவரத்தைத் தரலாம்னு சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க சம்மதம் இல்லாம நாங்க ஒரு எழுத்து வெளியே விட மாட்டோம்."

அந்த ஆஸ்பத்திரியில் மாமாவிடம் சம்மதம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மாமா நிதானமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் வந்தது. இன்னார்க்கு ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளது என்பது முதல் வரி. உரிய கவனத்துடன் தொழில் செய்யத் தடையில்லை என்பது கடைசி வரி. மகன் அதை வீட்டில் சத்தமாகப் படித்து, "இனிமே எல்லாம் சரியாயிடும்ப்பா" என்றான். நான் என் கடையில் லேமினேட் செய்து கொடுத்தேன். மாமா அதைக் கண்ணாடியோரம், உட்காருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினார்.

தெருவுக்குத் தெரிந்த விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கடைவீதிக்கு வருகிற புது ஆட்கள் ஒன்றிரண்டு பேர் அதுவரை உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது அவர்களும் கழுத்தில் துணி கட்டியபிறகு கண்ணாடியோரம் பார்த்தார்கள். கடைசி வரிவரை யாரும் படிக்கவில்லை. ஒருவன் பாதி நுரையோடு எழுந்து போனான். துணியைக்கூட அவிழ்க்காமல் போனான்.

கழற்றிவிடுங்கள் மாமா என்றேன். "மாட்டினதைக் கழட்டினா இன்னும் ஏதோ மறைக்கறேன்னு நெனப்பாங்க" என்றார்.

ஒரு சாயங்காலம் மகன் கடைக்கு வந்தான். வீட்டுச் சாவி கேட்க வந்திருக்க வேண்டும். நான் என் வாசலில் நின்றிருந்தேன். அவன் முதுகு எனக்கு நேராக இருந்தது. புதிதாக முடி வெட்டியிருந்தான். காதுக்குப் பின்னால் படிக்கட்டு இறங்கியிருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் மாமாவுக்குத் தெரியாதா? நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவனைச் சுற்றிப் பின்னால் வந்து, கழுத்தைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டி ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரம் சொன்னான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டான்.

நான் கடைக்குள் போனேன். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா சொல்லிட்டுப் போறான்?"

அவர் திரும்பவில்லை.

"முடி கொட்டுதாம்" என்றார்.