பொஞ்சாதிர வீடு

சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன்பிடித்த நூஹு அன்றைக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் அவருடைய மகளுக்கு வீடு கிடைத்திருக்கும். அந்த மனிதர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

சுனாமிக்குப் பிறகு, வீடிழந்தவர்களைப் பதிவதற்காக ஓர் உத்தியோகத்தர் கூடாரம் கூடாரமாக வந்தார். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வெளியாள் வந்தால் ஆம்பிளைதான் முன்னால் போய்க் கதைக்க வேண்டும் என்பதால் நூஹுவின் மனைவி றாபியா உள்ளே நின்றுவிட்டாள்.

"கடல் கொண்டுபோன வீடு உங்களுடையதா?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

நூஹு கூச்சத்தோடு சிரித்தார். "இல்ல சேர். எனக்கெங்க வீடு? அது பொஞ்சாதிர வீடு."

அந்தக் கரையில் எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அதில் குடியேறுவான். மனைவியின் வீட்டைத் தன்னுடையது என்று சொல்பவனை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும். உத்தியோகத்தருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? குடும்பத் தலைவருக்கு வீடு இருக்கவில்லை, ஆகவே அவர் எதையும் இழக்கவுமில்லை என்று முடித்துவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்.

றாபியாவும் தன் தாயிடமிருந்து அப்படித்தான் அந்த வீட்டைப் பெற்றிருந்தாள். மகள் ஷாஹினா பிறந்த பிறகு, இடியப்பம் அவித்து விற்று அதை அறை அறையாகப் பெருப்பித்தவள் அவள். வீட்டோடு அவள் பெயரிலிருந்த உறுதிப் பத்திரமும் கடலுக்குள் போய்விட்டது. கந்தோருக்கு நடையாய் நடந்தாள். "உங்கட புருசனே சொல்லிப்போட்டார்தானே" என்று வாயை அடைத்து அனுப்பினார்கள்.

ஷாஹினாவுக்கு மருதமுனையில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை இன்ஷாப் தறி நெய்கிறவன், தங்கமான பிள்ளை. அவனுடைய தாய் வந்து பார்த்துவிட்டு, "முதல்ல வீடு எழும்பட்டும், மறுகா பாப்பம்" என்று சொல்லிப் போனாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. குடியேற வீடில்லாத இடத்துக்கு மகனை எப்படி அனுப்புவாள்?

அந்த நேரம் பார்த்துத்தான் கிளேர் வந்து சேர்ந்தாள். அவளுடைய நாட்டு அரசாங்கம், படித்த பிள்ளைகளுக்கு மானியம் கொடுத்து, வேற்று நாட்டுக்குப் போய் அங்குள்ள பாஷையைப் பழகி, சனங்களை ஆராய்ந்து வா என்று அனுப்புமாம். அவள் ஆராய வந்தது, இந்தக் கரையில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வழக்கத்தை. வீடெல்லாம் கடலுக்குள் போன பிறகு வீட்டை ஆராய ஓர் ஆள். அதற்குக் காசு கொடுக்க ஓர் அரசாங்கம்.

கல்முனையில் அறை எடுத்திருந்தவள், காலையில் றாபியாவின் தகரக் கொட்டிலுக்கு வந்தால் பொழுது சாயத்தான் போவாள். றாபியாவை "உம்மா" என்றாள். ஷாஹினாவோடு ஒரே சகன் தட்டில் கை போட்டுச் சோறு தின்றாள். றாபியாவின் வாயைப் பார்த்துப் பார்த்தே தமிழ் பழகினாள். நூஹு உத்தியோகத்தரிடம் சொன்ன பதிலைக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொருமுறை சொல்லச் சொல்லி ரெக்கோடரில் பிடித்துக்கொண்டாள்.

தின்ன வந்தவள் மகளாகிவிட்டாள் என்று றாபியா நம்பினாள். ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"மகள், நாளைக்கு என்னோட கந்தோருக்கு வாங்க. எங்கட வழக்கத்த நீங்க வெளக்கிச் செல்லுங்க. நான் செல்லி அவங்களுக்கு ஏறுதில்ல. நீங்க செல்லினா கேப்பாங்க."

கிளேர் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஏலாது உம்மா. நான் பாக்கத்தான் வந்தன். கைபோட்டா ஆய்வு பழுதாப்போயிரும். காசு தந்தவங்களும் ஏசுவாங்க."

அதையும் றாபியா பழக்கிக் கொடுத்த தமிழிலேயே சொன்னாள். ஆனாலும் அன்றைக்கும் றாபியா அவளுக்குச் சோறு போட்டாள்.

கிளேர் ஊர் திரும்பினாள். இன்ஷாப்புக்கு வீடுள்ள வேறோர் இடத்தில் கலியாணம் நடந்தது. தன் வாயால் வந்த வினை என்று நூஹு பேச்சையே குறைத்துக்கொண்டார். யார் எதைக் கேட்டாலும், "அவகிட்டக் கேளுங்க" என்று றாபியாவைக் கைகாட்டினார். காலம் கடந்து வந்த புத்தி.

யுத்தம் முடிந்த பிறகு கிளேர் மறுபடி வந்தாள். இப்போது ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கிய கலாநிதி கிளேர், புதிய மானியம். கல்முனை மண்டபமொன்றில் இந்த வழக்கம் பற்றி உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி வகுப்பு. றாபியாவை முச்சக்கர வண்டி அனுப்பிக் கூப்பிட்டு, பின்வரிசையில் இருத்தினார்கள்.

"என்ட ஆய்வு ஒரு மனிசன் சொன்ன ஒரு கதையிலதான் தொடங்குது" என்று ஆரம்பித்தாள் கிளேர். "எனக்கெங்க வீடு? அது பொஞ்சாதிர வீடு."

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கைதட்டியே சிரித்தார். அன்றைக்குக் கூடாரத்துக்கு வந்த அதே உத்தியோகத்தர்தான், இப்போது பதவி உயர்ந்திருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டது தான்தான் என்பது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. ஆய்வு முறைப்படி நூஹுவின் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காகக் கிளேர் பெருமைப்பட்டிருப்பாள். றாபியாவுக்கு எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

தேநீர் வேளையில் கிளேர் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "உம்மா, தங்கச்சி ஷாஹினா எங்க? கூட்டி வரல்லயா?"

"அவளும் ஒங்கட வேலைக்குத்தான் போயிரிக்காள், மகள்" என்றாள் றாபியா. "சவூதிக்கு. அங்கத்த பாஷையும் நல்லாப் பழகிட்டாள். அவள் வேல செய்யிற வீட்டுல ஆரு எப்ப எழும்புவாங்க, ஆருக்கு எந்தக் கோப்பை, ஆருக்கு எப்ப கோவம் வரும், எல்லாம் அவளுக்குத் தெரியும்."

கிளேரின் முகம் மலர்ந்து, பிறகு மெல்ல மெல்ல வெளுத்தது. "ஆரு அனுப்பின?"

"ஏஜன்சிக்காரன். அரசாங்கம் எங்க எங்கட புள்ளைகள அனுப்பும்?"

கிளேரின் கை, பழக்கத்தில், பைக்குள் கிடந்த ரெக்கோடரைத் தேடியது. றாபியா அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டாள்.

"இதுல கைபோடாதீங்க மகள். பாக்கத்தான வந்தீங்க. பாத்துட்டுப் போங்க."

பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தெரிந்த ஆளைக் கண்டும் சாப்பிட வரச்சொல்லாமல் றாபியா விட்டுப்போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.